கேம் சர்வருக்கு எந்த இயங்குதளம்? – வாசகர் கேள்வி பதில்

கடந்த சில வாரங்களாக வரும் கடிதங்களில், நண்பர்கள் சேர்ந்து விளையாடுவதற்குத் தனி சர்வர் அமைப்பது பற்றிய கேள்விகளே மிகுதியாக உள்ளன. எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஐயா, நானும் நண்பர்களுமாகப் பதினைந்து பேர் மாதாமாதம் பணம் போட்டு ஒரு டெடிகேட்டட் சர்வரை, அதாவது எங்களுக்கு மட்டுமான ஒரு கணினியை, வாடகைக்கு எடுக்கவிருக்கிறோம். கவுன்டர்-ஸ்டிரைக் 2, மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு இரண்டையும் அதில் நடத்த எண்ணம். பதிவுப் படிவத்தில் விண்டோஸ் சர்வர், லினக்ஸ் வகைகளான உபுண்டு, டெபியன், அல்மாலினக்ஸ் என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. எங்களுக்குப் பழக்கமானது விண்டோஸ் மட்டுமே. லினக்ஸில்தான் வேகம் என்று சிலர் சொல்கிறார்கள். எதைத் தேர்வு செய்வது?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

படிவத்தில் இயங்குதளம் முதலில் கேட்கப்பட்டாலும், நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது விளையாட்டைத்தான். விளையாட்டைத் தயாரித்தவர்கள் அதன் சர்வர் நிரலை எந்த இயங்குதளத்துக்கு வெளியிட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால், பல நேரங்களில் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். உங்கள் நல்ல காலம், இரண்டு விளையாட்டுகளுமே உங்களைக் கட்டிப்போடவில்லை. வால்வ் நிறுவனம் கவுன்டர்-ஸ்டிரைக் 2 சர்வரை விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் தருகிறது. மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரோ, பொருத்தமான ஜாவா பதிப்பு இருக்கும் எந்த இயங்குதளத்திலும் ஓடும். ஆக, பணமும் பராமரிப்புமே உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை.

கேம் சர்வர் என்ற நிரல் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். அது படம் எதையும் வரைவதில்லை. அதற்குத் திரையும் வேண்டாம், கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். ஆட்டக்காரர்கள் அனுப்பும் அசைவுகளை வாங்கி, யார் எங்கே நிற்கிறார்கள், யார் சுட்டது யார் மேல் பட்டது என்று கணக்கிட்டு, முடிவை எல்லோருக்கும் திருப்பி அனுப்புகிறது. கவுன்டர்-ஸ்டிரைக் 2 இந்தச் சுற்றை நொடிக்கு 64 முறை செய்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 15.6 மில்லிநொடிதான் அவகாசம். மைன்கிராஃப்டில் நொடிக்கு 20 சுற்று, ஒன்றுக்கு 50 மில்லிநொடி. இந்தச் சுற்றைத்தான் டிக் என்கிறோம். இயங்குதளம் செய்ய வேண்டியதெல்லாம், அந்த நிரலைச் சரியான நேரத்தில் எழுப்பிவிட்டு, அது வேலை செய்யும்போது குறுக்கே வராமல் இருப்பதுதான்.

அப்படிப் பார்த்தால், டெஸ்க்டாப், ஸ்டார்ட் மெனு, சுட்டிக்குறி ஆகிய எதற்கும் அந்தக் கணினியில் வேலையே இல்லை. டெஸ்க்டாப்போடு கூடிய விண்டோஸ் சர்வருக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் தேவை என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவிய டெபியன் சும்மா இருக்கும்போது சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். 64 ஜிபி ரேம் உள்ள கணினியில் இது பெரிய வேறுபாடு இல்லை. மாணவர்கள் பணம் சேர்த்து எடுக்கும் 16 ஜிபி கணினியில், மைன்கிராஃப்டுக்கு 6 அல்லது 8 ஜிபி ஒதுக்கிய பிறகு, ஒவ்வொரு ஜிபியும் கணக்கில் வரும். அதைவிடப் பெரிய செலவு லைசென்ஸ். விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் புராசசரின் கோர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுவது. கணினியில் எட்டே கோர் இருந்தாலும் குறைந்தபட்சம் 16 கோருக்கு வாங்க வேண்டும். வாடகைக்கு விடுபவர்கள் இதை மாதக் கட்டணத்தோடு தனியாகச் சேர்ப்பார்கள். படிவத்தில் விண்டோஸைச் சொடுக்கியதும் அடியில் உள்ள கூட்டுத்தொகை எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அதே பணத்தில் இன்னும் வேகமான புராசசரையோ கூடுதல் ரேமையோ வாங்க முடியும் என்றால், விளையாடும்போது கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

‘லினக்ஸில்தான் வேகம்’ என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2000-களின் நடுவில் கவுன்டர்-ஸ்டிரைக் 1.6 சர்வர் நடத்தியவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். அன்றைய விண்டோஸின் உள் கடிகாரம் இயல்பாக 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் துடிக்கும். ஆகவே தூங்கி எழும் நிரல் எதுவும் நொடிக்கு ஏறத்தாழ 64 முறைக்கு மேல் எழ முடியாது. எங்கள் கல்லூரி விடுதியில் ஓடிய சர்வரில் விண்டோஸ் மீடியா பிளேயரைத் திறந்து, எதையும் இயக்காமல், சும்மா பின்னணியில் வைத்திருப்போம். அந்த நிரல் கடிகாரத்தை ஒரு மில்லிநொடி அளவுக்கு நுணுக்கமாக்கும்படி கேட்கும். கேட்ட மாற்றம் கணினி முழுவதற்கும் செல்லுபடியாகும். உடனே சர்வர் நொடிக்குச் செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை 64-இலிருந்து பல நூறுக்குத் தாவும். கன்சோலில் அந்த எண் ஏறுவதை நாங்கள் சுற்றி நின்று பார்த்திருக்கிறோம். லினக்ஸ் மட்டும் அப்போது குறையற்று இருந்தது என்றும் சொல்ல முடியாது. லினக்ஸின் உட்கருவான கெர்னலின் 2.4 பதிப்பு நொடிக்கு 100 முறை துடித்தது, 2005-இல் வந்த 2.6.13 முதல் இயல்பு அளவு 250 ஆனது, விவரம் தெரிந்தவர்கள் 1000 என்று மாற்றிக் கெர்னலையே மீண்டும் தொகுத்துக்கொண்டார்கள். 2007-இல் 2.6.21 கெர்னலில் நுண்கடிகார வசதி சேர்ந்தபின் அந்தப் பாடு குறைந்தது. விண்டோஸிலும் தேவையான நிரலே கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. 2020-இல் வந்த, ‘2004’ என்று எண்ணிடப்பட்ட விண்டோஸ் 10 பதிப்பு முதல், ஒரு நிரல் கேட்பது மற்ற நிரல்களைப் பாதிக்காதபடி விதியும் மாறிவிட்டது. இன்று ஒரே கணினியில் இரண்டு இயங்குதளத்தையும் ஒழுங்காக அமைத்தால், பதினைந்து பேர் விளையாடும் சர்வரில் வேறுபாட்டை உங்களால் உணர முடியாது.

‘ஒழுங்காக அமைத்தால்’ என்று சொன்னேன். வாடகைக் கணினிகள் பல, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நிலையில்தான் கைக்கு வருகின்றன. விண்டோஸில் மின்திட்டம் ‘பேலன்ஸ்டு’ என்று இருக்கும். லினக்ஸில் புராசசரின் வேகத்தை ஆளும் ‘கவர்னர்’ சேமிப்பு நிலையில் இருக்கும். இரண்டிலுமே, சர்வர் ஒவ்வொரு டிக்குக்கும் இடையில் சிறிது நேரம் ஓய்வதால், புராசசர் தன் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஏற்றும். ஆட்டத்தில் அது சிறு சிறு திக்கலாகத் தெரியும். அந்த ஒரு அமைப்பை முழுத்திறன் நிலைக்கு மாற்றுவது, இயங்குதளத்தையே மாற்றுவதைவிடப் பயன் தரும்.

அடுத்தது பராமரிப்பு, இங்கேதான் நான் லினக்ஸ் பக்கம் சாய்கிறேன். கவுன்டர்-ஸ்டிரைக் 2-க்கு வால்வ் ஒரு அப்டேட் வெளியிட்டதும் ஆட்டக்காரர்களின் கணினிகள் தாமாகவே புதிய பதிப்புக்கு மாறிவிடும். உங்கள் சர்வர் பழைய பதிப்பிலேயே இருந்தால் ஒருவராலும் உள்ளே வர முடியாது. அந்த அப்டேட் நீங்கள் தேர்வெழுதிக்கொண்டிருக்கும்போதும் வரும், உறங்கும்போதும் வரும். லினக்ஸில் சிஸ்டம்டி என்ற பணிமேலாளரிடம் சர்வரை ஒப்படைத்துவிட்டால், சர்வர் விழுந்தால் எழுப்பும், கணினி மறுதொடக்கம் ஆனால் தானே தொடங்கும், தொடங்கும் முன், சர்வர் நிரல்களை இறக்கித் தரும் வால்வின் கருவியான ஸ்டீம்சிஎம்டி மூலம் புதிய பதிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு வரிகள் கொண்ட ஒரு எழுத்துக்கோப்பில் இவ்வளவும் அடங்கும். விண்டோஸிலும் டாஸ்க் ஷெட்யூலர் கொண்டு இதைச் செய்யலாம். ஆனால் அதே விண்டோஸ் தன் சொந்த அப்டேட்டுக்காக மறுதொடக்கம் ஆகும் நேரத்தையும் நீங்கள் காவல் காக்க வேண்டியிருக்கும். ஒரு சனிக்கிழமை இரவு, இறுதிப் போட்டி 12–11 என்று நின்றபோது, நான் வாடகைக்கு எடுத்திருந்த விண்டோஸ் கணினி அப்டேட்டுக்காக அணைந்து பத்து நிமிடம் கழித்து வந்தது. பயன்பாட்டு நேரத்தை யாரும் அதில் குறித்து வைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பத்துப் பேரின் அன்றைய மாலை போயிற்று.

இந்த இடத்தில் இன்னொரு சிறு விஷயம். வாடகைக் கணினியின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். ‘அதிகாலை 4 மணிக்கு மறுதொடக்கம்’ என்று எழுதிவைத்தால், இந்தியாவில் அது காலை 9.30. இரவு 9.30-க்கு ஆட்டம் களைகட்டும் நேரம் அந்தக் கணினிக்கு மாலை 4 மணி. எந்த நேரக் கட்டளையையும் எழுதும் முன் நேர வலயத்தை மாற்றிவிடுங்கள்.

லினக்ஸுக்கு வரும் விண்டோஸ்காரர்கள் முதல் நாளே இடறும் இரண்டு இடங்கள் உள்ளன. ஸ்டீம்சிஎம்டி இன்னும் 32 பிட் நிரலாகவே இருக்கிறது. 64 பிட் உபுண்டுவிலோ டெபியனிலோ அதை இறக்கி இயக்கினால், ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று டெர்மினல் என்ற கட்டளைத் திரை சொல்லும். கோப்புறையைப் பட்டியலிட்டுப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கும். இல்லாதது அந்தக் கோப்பு அல்ல. அதை இயக்கத் தேவையான 32 பிட் நூலகங்கள், அதாவது நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைநிரல் தொகுப்புகள். அவற்றை நிறுவியதும் அதே கட்டளை வேலை செய்யும். இரண்டாவது இடறல், ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும். விண்டோஸ் கோப்புப் பெயரில் அந்த வேறுபாட்டைப் பாராட்டுவதில்லை, லினக்ஸ் பாராட்டும். தமிழில் எழுத்துக்குப் பெரிது சிறிது என்ற பேதமே இல்லாததால் நம் கண்ணும் அதை எளிதில் தவறவிடுகிறது. மேப், பிளகின், அமைப்புக்கோப்பு எதுவானாலும், விண்டோஸ் கணினியில் சோதித்தபோது நன்றாக ஓடியது சர்வருக்கு ஏற்றியதும் கிடைக்கவில்லை என்றால், முதலில் பெயரில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மீதமுள்ள மூன்று லினக்ஸ்களில் எது? அல்மாலினக்ஸ் நம்பகமானது, நிறுவனங்களின் சர்வர்களுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் கேம் சர்வர் உலகின் வழிகாட்டிகளும் கருவிகளும் முதலில் டெபியன், உபுண்டு இரண்டையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. கைபேசியிலும் ஓடும் மைன்கிராஃப்டின் பெட்ராக் பதிப்புக்கு அதிகாரபூர்வமான சர்வரை வெளியிடும்போதுகூட விண்டோஸ், உபுண்டு என்றுதான் குறிப்பிடுகிறார்கள். என் சொந்தக் கணினிகளில் டெபியன் வைத்திருக்கிறேன். தேவையற்றது எதுவும் அதில் வராது. முதன்முறையாக வரும் உங்களுக்கு உபுண்டு 24.04 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பைச் சொல்வேன். ஏப்ரல் 2024-இல் வெளியான அதற்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் கிடைக்கும்; உங்கள் சந்தேகத்தை யாரிடம் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருப்பார். இடையில் வெளியாகும் உபுண்டு பதிப்புகளைத் தொடாதீர்கள். அவற்றின் ஆயுள் ஒன்பது மாதமே.

பணம் கட்டும் முன் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவரின் பழைய மடிக்கணினியிலோ, விண்டோஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியாகவோ அதே உபுண்டு சர்வரை நிறுவி, மைன்கிராஃப்டை மட்டும் அதில் ஓட்டிப் பாருங்கள். உள்ளே வருவது, கோப்புகளைப் பட்டியலிடுவது, ஒரு அமைப்புக்கோப்பைத் திருத்துவது, பணியைத் தொடங்குவது, நிறுத்துவது, பதிவுக்கோப்பைப் படிப்பது ஆகிய ஆறும் கைக்கு வந்துவிட்டால் போதும். அந்த வாரத்தின் முடிவில் உங்கள் பதினைந்து பேரில் ஒருவர்கூட அந்தக் கறுப்புத் திரையின் முன் உட்கார விரும்பவில்லை என்றால், தயங்காமல் விண்டோஸ் சர்வரையே எடுங்கள். கவனிக்க ஆள் இல்லாத லினக்ஸைவிட, தெரிந்தவர் கவனிக்கும் விண்டோஸ் நல்லது.

ஆர்க்: சர்வைவல் அசெண்டட் விளையாட்டுக்கு சர்வர் வைக்க விரும்புகிறேன். விண்டோஸுக்கு மட்டும்தான் சர்வர் வருகிறது என்றும், லினக்ஸில் புரோட்டான் மூலம் ஓட்டலாம் என்றும் அறிந்தேன். லினக்ஸ் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிச் செய்யலாமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

செய்யலாம், பலர் செய்கிறார்கள். புரோட்டான் என்பது வைன் என்ற பழைய திட்டத்தின் மேல் வால்வ் 2018-இல் கட்டி வெளியிட்ட அடுக்கு. விண்டோஸ் நிரல் கேட்கும் ஒவ்வொன்றையும் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. சர்வர் நிரலில் கிராபிக்ஸ் வேலை இல்லாததால், விளையாட்டை ஓட்டுவதைவிட சர்வரை ஓட்டுவதில் சிக்கல் குறைவு. வேகத்திலும் பெரிய இழப்பு இல்லை.

ஆனால் யாருக்காக நடத்துகிறீர்கள் என்பதைக் கொண்டு முடிவெடுங்கள். உங்களுக்கும் நான்கைந்து நண்பர்களுக்கும் என்றால், லினக்ஸ் தெரிந்த நீங்கள் புரோட்டானிலேயே மகிழ்ச்சியாக நடத்தலாம். அறியாத பலர் பணம் கொடுத்து விளையாடும் சர்வர் என்றால், விளையாட்டுக்கு அப்டேட் வந்த நாளில் சர்வர் எழவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசியுங்கள். தவறு விளையாட்டிலா, அதன் மேல் கூட்டிக்கொண்ட மோடிலா, புரோட்டானிலா என்று பிரித்தறிய உங்களுக்கு ஒரு அடுக்கு கூடுதலாகிறது. தயாரிப்பாளர்கள் விண்டோஸில் மட்டுமே சோதித்துத் தருகிறார்கள். விண்டோஸில் வந்த தவறைத்தான் ஏற்றுக்கொள்வார்கள். அந்த நிலையில் விண்டோஸ் சர்வருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் அல்ல. வி ரைசிங், என்ஷ்ரவுடட், ஸ்பேஸ் இஞ்சினியர்ஸ் போன்றவற்றின் சர்வர்களுக்கும் இதே பதில் பொருந்தும். பழைய ஆர்க்: சர்வைவல் எவால்வ்டு விளையாட்டுக்கு லினக்ஸ் சர்வர் இருந்ததை வைத்துப் புதியதற்கும் இருக்கும் என்று எண்ணிக் கணினியை வாங்கியவர்களை நான் அறிவேன். எந்த இயங்குதளம் என்றாலும் ரேமில் சிக்கனம் வேண்டாம். இந்த விளையாட்டின் ஒரு மேப்பே 10 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறினால் பிங் குறையுமா? சென்னையில் உள்ள உறவினர்களோடு விளையாடும்போது எனக்கு 60-க்கு மேல் காட்டுகிறது.
– சிங்கப்பூர் வாசகர்

குறையாது. பிங் என்பது ஒரு தரவுப் பொதி சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லிநொடிக் கணக்கில். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 2,900 கிலோமீட்டர். போய் வர 29 மில்லிநொடி என்பது இயற்கை விதித்த எல்லை; கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, இடையில் கருவிகளும் உண்டு என்பதால் இன்னும் சற்றுக் கூடும். இயங்குதளம் ஒரு பொதியைக் கையாள எடுக்கும் நேரமோ மில்லிநொடியில் சிறு பின்னம்.

உங்கள் பிங் 60-ஐத் தாண்டுகிறது என்றால், போக்குவரத்து வேறு நாட்டைச் சுற்றிக்கொண்டு போகிறதா என்று டிரேஸ்ரூட் கட்டளையால் பார்க்கலாம். சர்வரை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில் இருந்தால், சிங்கப்பூரிலோ சென்னையிலோ ஒரு முனையில் வையுங்கள். இரண்டுக்கும் ‘நடுவில்’ என்று எண்ணி மும்பையைத் தேர்ந்தெடுத்தால் எல்லோருக்குமே தொலைவு கூடும். பிங் சீராக இருந்தும் ஆட்டம் திக்கினால் அது பிங் அல்ல, டிக். மைன்கிராஃப்ட் சர்வரின் பதிவுக்கோப்பில், சர்வரால் ஈடுகொடுக்க முடியவில்லை, இத்தனை டிக் பின்தங்கிவிட்டது என்று ஒரு வரி தோன்றும். அந்த வரி அடிக்கடி வந்தால் தேவைப்படுவது ஒற்றைக் கோர் வேகம் அதிகமுள்ள புராசசர். மைன்கிராஃப்டின் முதன்மைச் சுற்று ஒரே கோரில்தான் ஓடுகிறது என்பதால், கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை.

எங்கள் கேமிங் சென்டரில் சும்மா கிடக்கும் ஒரு பழைய விண்டோஸ் 10 கணினியை சர்வராக்கி, வெளியே இருக்கும் வாடிக்கையாளர்களும் இணையும்படி செய்ய முடியுமா?
– மதுரை வாசகர்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இணையத்துக்குத் திறந்து வைக்கும் கணினியில் அதைத் தொடர வேண்டாம். கணினி பழையது என்பதால் விண்டோஸ் 11-ஐ ஏற்காமலும் போகலாம். டெபியனை டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவுங்கள். அந்தக் கணினிக்கு அது புதுவாழ்வு.

ஆனால் உங்கள் வழியில் நிற்கப் போவது இயங்குதளம் அல்ல, இணைய இணைப்பு. ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற முகவரி என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணைப்பு பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொது முகவரியின் பின்னால் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ரௌட்டரில் போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாசல்களை எத்தனை திறந்தாலும் வெளியே இருப்பவர் உங்களை வந்தடைய முடியாது. இணைப்பு தருபவரிடம் நிலையான பொது முகவரியைக் கட்டணத்துக்குக் கேட்டு வாங்குங்கள். கிடைத்தபின் கவுன்டர்-ஸ்டிரைக்குக்கு 27015, மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு 25565, பெட்ராக் பதிப்புக்கு 19132 என்று தேவையானதை மட்டும் திறந்தால் போதும். ஒரு யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். மைன்கிராஃப்ட் உலகத்தைச் சேமித்துக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நின்றுவிடும். அதை எந்த இயங்குதளத்தாலும் மீட்டுத்தர முடியாது.

இலவச கிளவுட் கணக்கில் கிடைக்கும் ஏஆர்எம் புராசசர் கணினியில் கேம் சர்வர் ஓடுமா?
– ஈரோடு வாசகர்

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு ஓடும், நன்றாகவே ஓடும். ஸ்டீம்சிஎம்டி இன்டெல், ஏஎம்டி வகைப் புராசசர்களுக்கு எழுதப்பட்டது. ஏஆர்எம்மில் நேரடியாக ஓடாது. பாக்ஸ்64 போன்ற மொழிபெயர்ப்பு நிரல்கள் உண்டு என்றாலும், கவுன்டர்-ஸ்டிரைக் போன்ற வேக விளையாட்டுக்கு அவற்றை நம்ப வேண்டாம். இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: அளவில் மிகச் சிறியது என்று ஆல்பைன் லினக்ஸைத் தேர்வு செய்யாதீர்கள், அதன் அடிப்படை நூலகம் வேறு என்பதால் ஸ்டீம்சிஎம்டி அதிலும் ஓடாது.

பல ஆண்டுகளாக சென்ட்ஓஎஸ் 7-இல் எங்கள் சர்வர் சிக்கலின்றி ஓடுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– கோலாலம்பூர் வாசகர்

ஆம். சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதி முடிந்தது. பாதுகாப்பை ஒரு பக்கம் வைத்தாலும், அதன் அடிப்படை நூலகம் 2.17 பதிப்பில் நிற்கிறது. புதிதாகத் தொகுக்கப்படும் சர்வர் நிரல்கள் அதைவிடப் பல படி மேலான பதிப்பைக் கேட்கும். இன்று ஓடும் விளையாட்டு அடுத்த அப்டேட்டில் எழாமல் போகக்கூடும். அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் உங்கள் கைப்பழக்கத்துக்கு நெருக்கமானவை. பழையதன் மேலேயே புதியதை ஏற்ற முயலாமல், வேறொரு வட்டில் புதிதாக நிறுவி, உலகக் கோப்புகளையும் அமைப்புக்கோப்புகளையும் மட்டும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். நண்பர்களுக்காக மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்துகிறான். லினக்ஸ் என்பதால் வைரஸ், திருட்டு எதுவும் வராது என்கிறான். நம்பலாமா?
– ஒரு தாய், திருநெல்வேலி

அம்மா, உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. விண்டோஸை நோக்கி எழுதப்படும் தீநிரல்கள் லினக்ஸில் ஓடாது. ஆனால் சர்வரைத் தாக்குபவர்கள் பெரும்பாலும் வைரஸ் அனுப்புவதில்லை. வாசல் திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இணையத்தில் ஒரு கணினி தோன்றிய சில மணி நேரத்துக்குள்ளேயே, தானியங்கி நிரல்கள் அதன் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். விண்டோஸில் அந்தக் கதவு 3389 என்ற போர்ட்டில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப். லினக்ஸில் 22-இல் உள்ள எஸ்எஸ்எச். மகனின் லினக்ஸ் கணினியில் தோல்வியடைந்த உள்நுழைவு முயற்சிகளின் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’ என்ற பெயர்களில் முகம் தெரியாதவர்கள் தட்டிப் பார்த்த வரிகள் பக்கம் பக்கமாக ஓடும். கடவுச்சொல்லால் உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு, சாவிக்கோப்பு இருப்பவர் மட்டும் வரும்படி மாற்றிவிட்டால், அந்தத் தட்டல்கள் எல்லாம் வெளியிலேயே நின்றுவிடும்.

மைன்கிராஃப்ட் தொடர்பாகவே ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பலவும் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற பதிவு நூலகத்தில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. மைன்கிராஃப்ட் அரட்டைப் பெட்டியில் குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியைத் தட்டினால் போதும், அதைப் பதிவு செய்யும் சர்வரில் தாக்குபவரின் நிரலை ஓட்ட முடிந்தது. சர்வர் விண்டோஸா, லினக்ஸா என்பது அங்கே பொருட்டாகவே இல்லை. டிசம்பர் 10-ஆம் தேதி 1.18.1 என்ற திருத்திய பதிப்பு வந்தது. உடனே மாற்றியவர்கள் தப்பினார்கள். அத்தகைய நாளில் சேதத்தின் அளவைத் தீர்மானிப்பது, சர்வர் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறது என்பதுதான். ‘ரூட்’ என்ற தலைமைக் கணக்கில் ஓடினால் முழுக் கணினியும் தாக்குபவர் கையில். அதற்கென உருவாக்கிய அதிகாரமற்ற தனிக்கணக்கில் ஓடினால் இழப்பு அந்தக் கோப்புறையோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆகவே மகனிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: சர்வர் எந்தக் கணக்கில் ஓடுகிறது, கடவுச்சொல் உள்நுழைவை அடைத்தாயா, கடைசியாக எப்போது அப்டேட் செய்தாய், உலகத்தின் பேக்கப் எங்கே இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு ‘அதே சர்வரில்தான் இருக்கிறது’ என்று பதில் வந்தால், அன்றே ஒரு நகலை உங்கள் வீட்டுக் கணினிக்கு இறக்கச் சொல்லி, அதை வேறொரு கோப்புறையில் திறந்து விளையாட முடிகிறதா என்று அவன் சோதித்துக் காட்டும்வரை பக்கத்திலேயே இருங்கள்.